அடியிலிருந்து எண்ணிய கதை

சென்ற ஞாயிறு நம் வாசகர் கூட்டத்தில் நடந்த சண்டையை நான் ரசித்தேன் என்று சொன்னால் கோபித்துக்கொள்ளாதீர்கள். நம்மில் ஒருவர் அந்தப் பறக்கும் பாம்பு நாவலின் கடைசி அத்தியாயத்தை முதலில் படித்துவிட்டு வந்து, இளவரசன் யார் என்று டீ வருவதற்குள் உளறிவிட்டார். இன்னொருவர் இனி அவரோடு ஒரே மேசையில் உட்கார மாட்டேன் என்று செருப்பைத் தேடினார். நரைத்த தலைகள் ஒரு மந்திரக் கதைக்காக அப்படி முறைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு வேறொரு ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. அன்று நான் சொல்லவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். இதோ எழுதிவிட்டேன்.

நான் நாட்குறிப்பு எழுதுபவள் என்பது உங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தக் கோடையில் எனக்கு அந்தப் பழக்கம் வந்திருக்கவில்லை. ஆகவே நேரில் பார்த்ததைப் பார்த்ததாகவும், பிறகு கேட்டதைக் கேட்டதாகவும் பிரித்தே சொல்கிறேன்.

அப்போது நாங்கள் மங்கலம் சாலையில் ஒரு லைன் வீட்டில் இருந்தோம். ஒரே கூரையின்கீழ் வரிசையாக ஒற்றை அறைகள். எதிரே எல்லாருக்கும் பொதுவாக ஒரு தண்ணீர்த் தொட்டி. அப்பா லாரியில் வடக்கே போனால் மாதக் கணக்கில் வர மாட்டார். அம்மா பனியன்களை மூட்டையாக வாங்கி வந்து வீட்டிலேயே பிசிறு நூல் வெட்டுவாள். எங்கள் சோற்றில், தலையணையில், என் பின்னலில், எங்கும் பஞ்சு. பள்ளி விடுமுறை. காற்றில் சாயப்பட்டறை வாடை.

அம்மாவின் தங்கை, என் சித்தி, அந்த வருடம் எங்களோடு இருந்தாள். கணியூர்ப் பக்கம் தோட்டம் உள்ள குடும்பத்தில் கட்டிக்கொடுத்திருந்தது. தை மாதம் ஒரு நாள் தனியாக பஸ்ஸில் வந்து இறங்கினாள். மணிக்கட்டுக்கு மேலே ஒரு தழும்பு இருந்தது. கேட்டால் அடுப்பு என்பாள். அதற்கு மேல் பேச மாட்டாள். பக்கத்துப் பனியன் கம்பெனியில், தைத்ததில் குறை பார்க்கும் செக்கிங் வேலைக்குப் போனாள், வந்தாள், சுவரைப் பார்த்து உட்கார்ந்தாள். சித்தப்பா கெட்டவர் என்று யாரும் சொல்லவில்லை. கோபக்காரர் என்றுதான் சொன்னார்கள். சித்தப்பாவும் அவருடைய குடும்பத்துப் பெரியவரும் வைகாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து அழைத்துப் போவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். சித்தி போகிறாளா இல்லையா என்பதுதான் அந்தக் கோடை முழுக்க எங்கள் ஒற்றை அறையில் நின்றுகொண்டிருந்த கேள்வி. அம்மா வெளிப்படையாகவே அவள் போக வேண்டும் என்றாள்.

அந்தச் சமயத்தில்தான் கதை வந்தது.

மூன்றாவது வீட்டில் ஓவர்லாக் அக்கா இருந்தார். துணியின் ஓரம் பிரியாமல் தைக்கும் ஓவர்லாக் மெஷின் ஓட்டுவதால் அந்தப் பெயர். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். அவருடைய அப்பா ஒரு அச்சகத்தில் வேலை செய்தவர். வாரப் பத்திரிகையில் வந்த ஒரு மாயத் தொடர்கதையைக் கிழித்துச் சேர்த்து, மெஷினில் ஓரம் வெட்டி, தைத்து வைத்திருந்தார். வெட்டும்போது தலைப்பும் அத்தியாய எண்ணும் பக்க எண்ணும் இருந்த மேல் ஓரமே போய்விட்டது. அப்பா இறந்தபின் அக்கா அதைத் தன் பெட்டியில் கொண்டுவந்திருந்தார். படித்ததில்லை. சிறுபிள்ளையில் அப்பா சொல்லக் கேட்டதில் ஒரு பெண் கல்லாய் நிற்பது மட்டும் அவருக்கு ஞாபகம்.

ஒரு புத்தகம். படிக்க ஆசைப்பட்டவர்கள் பலர். அதற்கு வழி சொன்னவர் கோடி வீட்டுக் கட்டிங் மாமா. கம்பெனியில் துணி வெட்டும் மாஸ்டர்.

"ஒருத்தர் முடிக்கிற வரைக்கும் மத்தவங்க கையைக் கட்டிட்டு நிக்கறதா? லைன்ல உடலாமுங்க. பண்டல் போட்டுர்றேன்" என்றார்.

கம்பெனியில் துணி அப்படித்தான் நகரும். வெட்டிய துணியைக் கட்டுக் கட்டாகக் கட்டி, எண் ஒட்டி, ஒரு மெஷினில் முடிந்ததும் அடுத்த மெஷினுக்குத் தள்ளுவார்கள். மாமா புத்தகத்தின் தையலைப் பிரித்தார். யாரும் எட்டிப் பார்க்கக் கூடாது, தானும் பார்க்க மாட்டேன் என்று முகத்தைத் திருப்பிக்கொண்டே அதை எட்டாகப் பிரித்து அடுக்கி, அடியிலிருந்து மேலே ஒவ்வொன்றாக எண் ஒட்டிக்கொண்டு வந்தார். ஒவ்வொன்றையும், இழுத்தால் நீளும் ரிப் துணிப் பட்டையால் கட்டினார். முதலில் ஓவர்லாக் அக்கா, அடுத்து மாமா, பிறகு அம்மா, கடைசியில் சித்தி. கட்டை வீட்டுக்கு வீடு கொண்டுபோவது என் வேலை. அம்மாவிடம் இருக்கும்போது அவள் தோளுக்கு மேலே எட்டி நானும் படித்துக்கொள்வேன்.

மாமா இரண்டு சட்டம் போட்டார். பண்டல் ஒரு மேசையில் நிற்கக் கூடாது. ஒரு கட்டைக் கடைசி ஆள் முடிக்கிறவரை யாரும் அதைப் பற்றி வாய் திறக்கக் கூடாது. முடித்தபின், ஞாயிறு துணி துவைக்கையில், தொட்டியடியில் பேசிக்கொள்ளலாம்.

கதை இப்படித் தொடங்கியது. ஒரு மந்திரவாதியின் கோட்டை. வாசலில் கல்லாய் நிற்கும் ஒரு பெண். இரண்டாம் கட்டில் அவள் கல் இல்லை, ஆனால் நிழல் இல்லாமல் திரிகிறாள். மந்திரவாதி அவள் நிழலைச் சுருட்டிப் பெட்டியில் வைத்திருக்கிறான். மூன்றாம் கட்டில் நிழல் இருக்கிறது, குரல் இல்லை. குரல் ஒரு சங்குக்குள் இருக்கிறது. இப்படியே ஒவ்வொரு கட்டிலும் அவளுக்கு ஒவ்வொன்று திரும்பி வந்தது. நடுவே எதுவும் விளங்காமல் போனால் யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வாரத் தொடர் அப்படித்தான், திடீரென்றுதான் தொடங்கும் என்றார் அக்கா.

தொட்டியடிப் பேச்சு இப்போதும் என் காதில் இருக்கிறது.

"நிழலைச் சுருட்டி வெச்சா சுருக்கம் உழுகுமுங்களே" என்பார் மாமா. "மடிச்சு வெச்சிருந்தாலும் அயர்ன் பண்ணிக்கலாம்."

"உங்களுக்கு எதப் பாத்தாலும் துணிதான். அந்தப் பிள்ள படுத பாட்டப் பாருங்க" என்று அக்கா கண்ணைத் துடைப்பார்.

"கல்லா நின்னா ஒரு சௌகரியம். சோறாக்க வேண்டியதில்லை" என்பாள் அம்மா.

நான் சங்குக்குப் பயந்தேன். காதில் வைத்தால் யாருடைய குரலாவது கேட்டுவிடும் என்று கோயிலில் சங்கு ஊதும்போது காதைப் பொத்திக்கொண்டேன்.

ஒரு தடவை நானே கேட்டேன். "ரெண்டாவது கட்டுல படகோட்டி செத்துட்டாருங்க. நாலாவதுல துடுப்புப் போடறாரே?"

மாமா சோப்புக் கையோடு நிமிர்ந்தார். "மாயக் கதை கண்ணு. செத்தவன் எந்திரிச்சு வரலீன்னா அப்புறம் அது எதுக்கு மாயக் கதை?"

எல்லோரும் சிரித்தார்கள். அன்றுதான் சித்தியும் சிரித்தாள். தை மாதத்துக்குப் பிறகு நான் பார்த்த முதல் சிரிப்பு. அம்மா கையில் பிழிந்துகொண்டிருந்த துணியோடு அப்படியே நின்றுவிட்டாள்.

அதன் பிறகு சித்தி பேச ஆரம்பித்தாள். கதையைப் பற்றி மட்டும். ஐந்தாம் கட்டில் மந்திரவாதி அவளை அதட்டினான். ஆறாம் கட்டில் அதட்டிவிட்டு வருத்தப்பட்டான். "இவனுக்கும் மனசு மாறுது பாருங்க" என்றாள் சித்தி. ஏழாம் கட்டில் அவளுக்கு மல்லிகை கொண்டுவந்தான். அவள் காலில் தைத்த முள்ளைத் தன் கையால் எடுத்தான். அந்தக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சித்தி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பிறகு மெதுவாக, "அக்கா, நாளைக்கு அவிய வந்தாப் போறேன்னு சொல்லீரட்டுமா? மனுசன் மாற மாட்டானா என்ன?" என்று கேட்டாள்.

அது ஞாயிற்றுக்கு முந்தைய நாள். அம்மா கத்தரியைக் கீழே வைத்தாள். அவள் முகம் அப்படித் தெளிந்ததை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. "உன்ற இஷ்டம் அம்மிணி" என்றாள். உடனே சித்தியின் பையை ஆணியிலிருந்து எடுத்துத் தூசி தட்டினாள்.

அன்று மதியம் சித்தி கடைக்குப் போயிருந்தபோது ஓவர்லாக் அக்கா எட்டாம் கட்டோடு தொட்டியடிக்கு வந்தார். மாமா அங்கே குளித்துவிட்டுத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். அம்மா குடம் பிடித்துக்கொண்டிருந்தாள். நான் அம்மாவின் பக்கத்தில் நின்றேன்.

"மாமா, இங்கன பாருங்க. கடைசிக் கட்டுல ஆரம்பமுன்னு போட்டிருக்கு" என்றார் அக்கா.

கட்டின் முதல் பக்கம் முழுக்கப் படம். ஆற்றங்கரை. குடிசை வாசலில் ஒரு பெண், கையை நெற்றியில் வைத்து ஆற்றைப் பார்க்கிறாள். தூரத்தில் புள்ளியாய் ஒரு படகு. படத்துக்கு நடுவிலேயே பெரிய எழுத்தில் 'புதிய தொடர் ஆரம்பம்'.

மாமா படத்தைப் பார்த்தார். மேலே தான் ஒட்டிய எட்டு என்ற எண்ணைப் பார்த்தார். விரலால் அதைத் தடவினார்.

"துணி எண்ற மாதிரி எண்ணிப்போட்டனுங்க" என்றார்.

கட்டிங் மேசையில் துணியை ஒன்றன்மேல் ஒன்றாக விரிப்பார்கள். முதலில் விரித்தது அடியில் போய்விடும். அடியில் இருப்பதுதான் ஒன்று. அவர் கை பல வருடமாக அப்படித்தான் எண்ணியது. புத்தகத்தில் முதல் பக்கம் மேலே இருக்கிறது என்பதை அந்தக் கைக்கு யாரும் சொல்லவில்லை.

முதலில் புரிந்துகொண்டவள் அம்மா. குடம் நிரம்பி வழிந்தது. அதை அவள் நகர்த்தவில்லை.

"அப்ப அவன் நல்லவனா மாறலீங்களா?"

"இல்லீங்க தங்கச்சி. மொதல்ல நல்லவனாத்தான் இந்தப் படகுல வந்து ஏத்திட்டுப் போறான். மல்லியப்பூ குடுத்து, முள்ளெடுத்து. அப்புறந்தான் குரலு, நெழலு எல்லாம் புடுங்கறான். கடைசியில அந்தப் புள்ள கல்லாயிருது."

 பிறகு அம்மா மாமாவின் கையிலிருந்து கட்டை வாங்கிக்கொண்டாள்.

"இதை இப்ப அவகிட்டக் குடுக்க வேண்டாமுங்க. நாளைக்கு அவிய வந்து கூட்டிட்டுப் போகட்டும்."

"அக்கா, அது சரியில்ல" என்றார் ஓவர்லாக் அக்கா. "அவ இந்தக் கதையப் பிடிச்சுக்கிட்டுத்தான் போறேங்குதா."

"கதையை நம்பி யாருங்க போறா. புருசன் ஊட்டுக்குப் போறா."

"அப்பம் கட்டக் குடுக்க வேண்டியதுதான?"

அம்மா கட்டோடு நடந்தாள். வீட்டுக்குள் போய் அரிசி டின்னைத் திறந்து, கட்டை அடிவரை அழுத்தி, மேலே அரிசியைச் சமமாகத் தடவிவிட்டாள். திரும்பினால் நான் நின்றுகொண்டிருந்தேன்.

"பாத்தியா?"

"பாத்தேன்."

"நீ பாக்கலை" என்றாள் அம்மா.

மாலையில் சித்தி பைக்குள் சேலைகளை அடுக்கிக்கொண்டே கேட்டாள். "எட்டு இன்னும் வரலையா கண்ணு?"

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஒரு பனியனைத் திருப்பித் திருப்பிப் பிசிறு தேடிக்கொண்டிருந்தாள். "அந்தக்கா இன்னும் முடிக்கலையாமா" என்றாள்.

"முடிச்சுட்டாங்க. கண்ணு செவந்திருக்குதே" என்றாள் சித்தி. அதற்கு மேல் கேட்கவில்லை. அன்று சாப்பாட்டுக்கு அரிசி அளந்தபோது அம்மா டின்னின் மேல்பரப்பிலிருந்தே நாழியைச் சாய்த்துச் சாய்த்து எடுத்தாள். 

ஞாயிறு காலையிலேயே வந்துவிட்டார்கள். சித்தப்பாவும் பெரியவரும் மட்டும்தான். வாழைப்பழமும் மல்லிகைப் பூவும் வாங்கி வந்திருந்தார்கள். மல்லிகையைப் பார்த்ததும் சித்தி என்னைப் பார்த்து லேசாகச் சிரித்தாள். நான் அரிசி டின்னைப் பார்த்தேன். சித்தப்பா வெள்ளைச் சட்டையில் அமைதியாக உட்கார்ந்திருந்தார். என்னிடம், "படிப்பெல்லாம் எப்படிங்க கண்ணு?" என்றுகூடக் கேட்டார். உண்மையிலேயே நல்லவராகத் தெரிந்தார். அம்மா காப்பி வைத்தாள்.

பெரியவர் தொண்டையைச் செருமினார். "ஏனுங்க அம்மிணி, நடந்தது நடந்து போச்சு. போலாமுங்களா?"

சித்தியின் பை வாசலோரம் இருந்தது. ஜிப் போட்டாகிவிட்டது. சித்தி வாயைத் திறப்பதற்குள் வாசலில் நிழல் விழுந்தது. கட்டிங் மாமா. வேலைக்குப் போகிற சட்டை போட்டுக்கொண்டு வந்திருந்தார்.

"பண்டல் நின்னு போச்சுங்க தங்கச்சி" என்றார் அம்மாவிடம். பிறகு சித்தியிடம், "நம்பரை நான் தப்பா ஒட்டீட்டனுங்க அம்மிணி. எட்டுன்னு போட்டதுதான் ஒண்ணு."

சித்தி அவரைப் பார்த்தாள். பிறகு அம்மாவைப் பார்த்தாள்.

"என்னங்க நடக்குது?" என்றார் பெரியவர்.

"ஒரு வேலை பாக்கி இருக்குதுங்க."

"ஞாயித்துக்கெழமையுங்களா?"

"அவசர ஆர்டருங்க" என்றார் மாமா. அவர் சிரிக்கவில்லை.

எல்லோரும் அம்மாவைப் பார்த்தோம். அம்மா கொஞ்ச நேரம் காப்பித் தம்ளரின் விளிம்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்தாள். டின்னைத் திறந்து முழங்கை வரை கையை விட்டுக் கட்டை எடுத்தாள். ரிப் பட்டையில் ஒட்டியிருந்த அரிசி தரையில் சிதறியது. சித்தியின் கையில் கொடுத்தாள். 

சித்தி பையின் பக்கத்திலேயே சுவரில் சாய்ந்து உட்கார்ந்து படித்தாள். எல்லோருக்கும் எதிரில்தான். காப்பியில் ஆடை படிந்தது. பெரியவர் விசிறியை எடுத்து விசிறிக்கொண்டார். சித்தப்பா முதலில் சிரித்தார்.

"கதைப் பொஸ்தகமா?"

 சித்தி பக்கத்தைத் திருப்பினாள்.

"என்னைய உக்கார வெச்சுட்டுக் கதை படிக்கறயா?"

சித்தி பக்கத்தைத் திருப்பினாள்.

அவர் எழுந்த வேகத்தில் தம்ளர் உருண்டது. நிலைக்கதவில் அவர் கை அறைந்த சத்தத்துக்கு நான் அம்மாவின் சேலைக்குள் போய்விட்டேன். மாமா வாசலை விட்டு நகரவில்லை. பெரியவர், "உக்காருப்பா" என்றார். இரண்டாம் தடவையும் சொல்ல வேண்டியிருந்தது. காப்பி தரையில் ஓடி, சிதறிய அரிசியைத் தொட்டு நின்றது. அம்மா அந்த அரிசியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று நினைத்தேன். இல்லை, சித்தியின் மணிக்கட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

சித்தி முடித்துவிட்டு, பட்டையைப் பழையபடி கட்டினாள். எழுந்து நின்றாள். சித்தப்பாவைப் பார்த்து நிதானமாகத்தான் சொன்னாள்.

"மொதல்ல நீங்களும் நல்லாத்தானுங்க இருந்தீங்க." கொஞ்சம் நிறுத்தினாள். "படகு இப்பத்தானுங்க வருது. நான் ஏறலீங்க."

பெரியவர் விசிறியை நிறுத்தினார். "எந்தப் படகுங்க அம்மிணி?"

சித்தி கட்டை இறுக்கிப் பிடித்தாள். அதற்கு மேல் அவளுக்குப் பேச்சு வரவில்லை. குரல் மறுபடியும் சங்குக்குள் போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன்.

"வரலீங்கறா" என்றாள் அம்மா.

அவர்கள் போனபின் மல்லிகைப் பொட்டலம் அங்கேயே கிடந்தது. சாயங்காலம் ஓவர்லாக் அக்கா அதை எடுத்துப்போய்த் தன் வீட்டு மாதா படத்துக்குப் போட்டார்.

நண்பர்களே, அடுத்த பல மாதங்கள் எளிதாக இருந்தன என்று சொல்ல முடியாது. கணியூர்ப் பக்கம் எங்கள் குடும்பத்தைப் பற்றி என்னவெல்லாமோ பேசினார்கள். புத்தகம் படித்துக் கெட்டுப்போனாள் என்றார்கள். கட்டிங் மாமா தன் எண் தவறியதால் ஒரு குடும்பம் பிரிந்தது என்று கடைசி வரை நம்பினார். ஒவ்வொரு தீபாவளிக்கும் வந்து, "உங்க தங்கச்சி நல்லா இருக்குதுங்களா?" என்று தயங்கித் தயங்கிக் கேட்பார். நன்றாகத்தான் இருந்தாள். அவள் செக்கிங்கில் சூப்பர்வைசர் ஆனபோது ஸ்வீட் கொடுத்தது முதலில் அவருக்குத்தான். அப்போதும் அவர் முகம் தெளியவில்லை.

எட்டாம் கட்டு கிடைக்காமலே இருந்திருந்தால் போயிருப்பாயா என்று சித்தியிடம் பெரியவளான பிறகு ஒரு முறை கேட்டேன். "தெரியல கண்ணு" என்றாள். அந்தப் பதிலை அன்றைய தேதியில் என் நாட்குறிப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். வேறு எதுவும் சேர்க்கவில்லை.

வெகுகாலம் நான் அம்மாவைத்தான் தவறாக எடைபோட்டிருந்தேன். அவள் சித்தப்பாவின் பக்கம் என்று நினைத்தேன். ஒற்றை அறை, ஊரில் இல்லாத கணவன், கேள்வி கேட்கும் சொந்தம், இத்தனைக்கும் நடுவே ஒரு தங்கையை வைத்துக் காப்பாற்ற முடியுமா என்று அவள் பயந்திருக்கிறாள் என்பது அவளுடைய அன்றைய வயதை நான் தொட்ட பிறகுதான் தெரிந்தது. தொட்டியடியில் எல்லோரும் கதையைப் பற்றி அழுதோம், வாதாடினோம். அம்மா ஒரு வரி கேலி சொல்லிவிட்டுத் துணியை அலசப் போய்விடுவாள். அவளுக்கு அந்தக் கதை என்ன செய்தது என்று நாங்கள் யாரும் கேட்கவில்லை.

மழைக்காலத்தில் ஓவர்லாக் அக்கா ஊருக்குத் திரும்பினார். கிளம்புவதற்கு முன், பிரித்த புத்தகத்தைத் தைத்துத் தருகிறேன் என்று அம்மா எல்லாக் கட்டுகளையும் வாங்கிக்கொண்டாள். கோணி ஊசியில் பனியன் நூலை நான்காக முறுக்கிக் கோத்து, ஒரு பகல் முழுக்க உட்கார்ந்து தைத்தாள். அட்டைக்கு என் பழைய பாடப்புத்தகத்தின் அட்டையைப் போட்டாள்.

அக்கா பிரித்துப் பார்த்தார். முதல் பக்கத்தில் கோட்டை வாசலில் அந்தப் பெண் கல்லாய் நின்றாள். வேகமாகப் புரட்டிக் கடைசிக் கட்டுக்குப் போனார். ஆற்றங்கரை, குடிசை, நெற்றியில் கை, தூரத்தில் புள்ளியாய்ப் படகு.

"அக்கா, முன்ன பின்ன மாறிப் போச்சே. மாமா ஒட்டுன நம்பர்ப்படியே தச்சிட்டீகளே."

அம்மா நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"தெரியுமுங்க" என்றாள். "அப்படியே இருக்கட்டும்."